குனிந்தவை பிழைத்தன

"மொச்சை செத்திருக்கணும் மேடம். சாகல. அதான் பிரச்சினை."

பண்ணைக்குள் நிறுத்திய டாக்ஸியின் முன்சீட்டிலிருந்து டாக்டர் ராவியா இதைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. அதே நேரத்தில் ஃபிக்ரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்லவேளையாக டாக்ஸி ஓட்டிய காலத்தில் பழகிய புகையிருமல் ஒன்று கைவசம் இருந்தது. அதை எடுத்து விட்டான்.

இஸ்மாயிலியாவில் பத்து வருஷம் டாக்ஸி ஓட்டியவன் ஃபிக்ரி. கொலை செய்தவன், கொலைக்குத் தப்பியவன், சாட்சி சொல்லப் பயந்து ஊரை விட்டு ஓடியவன் என்று எல்லோரையும் ஏற்றி இறக்கியிருக்கிறான். கொலை நடக்கவில்லையே என்று அழுகிற ஆளை இன்றுதான் பார்க்கிறான்.

பின்சீட்டில் இருந்த இஸ்மத் வேர்க்கடலைத் தோலை ஜன்னலுக்கு வெளியே ஊதினாள். போர்ட் சயீத் சுங்கத்தில் ஊரார் பெட்டிகளைத் திறந்து பார்த்தே காலத்தை ஓட்டியவள். ஓய்வு பெற்றதும் வீட்டில் திறக்க ஒன்றும் இல்லாமல் போகவே, ஊரார் விவகாரங்களைத் திறக்க ஆரம்பித்துவிட்டாள். ஃபிக்ரி அவளுக்கு டிரைவர், உதவியாளர், வாய்.

"அழாம ஆரம்பத்துலேருந்து சொல்லும்மா," என்றாள்.

ராவியா வெள்ளைக் கோட்டின் கையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். அவளுக்கு முப்பது வயது இருக்கும். இந்த அரசாங்கப் பண்ணையில் ஃபூல் என்ற மொச்சையில் ஆராய்ச்சி. ஹாலூக் என்ற ஒட்டுண்ணிக் களை வந்தால் ஃபூல் வயல் மொத்தமும் போய்விடும்.

"ஹாலூக்னா தெரியுமா அண்ணே?"

"தெரியாம என்ன. என் மாமனார் வயல்ல இருக்கு. வேர்ல ஒட்டிக்கிட்டு உட்கார்ந்த இடத்துலயே உறிஞ்சும். மாமனார் அதைத் திட்றாரா என்னைத் திட்றாரான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியல."

ராவியா அழுகைக்கு நடுவே லேசாகச் சிரித்தாள். அந்த ஹாலூக் தொடாத ஒரு செடியை அவள் உண்டாக்கியிருந்தாள். ஃபூல் நாற்றுகளின் மேல் புற ஊதாக் கதிரை அடித்து, அவற்றின் டி.என்.ஏ.வைக் கலைத்துவிட்டு, இருட்டறையில் பூட்டி வைப்பாள். பெரும்பாலானவை கருகிச் சாகும். தப்பிப் பிழைக்கிற ஒன்றிரண்டில் ஏதாவது ஒன்று புதுக் குணத்தோடு எழுந்து நிற்கும். அப்படி எழுந்து நின்றதுதான் அந்தச் செடி.

யாரோ கெய்ரோவுக்குப் புகார் தட்டிவிட்டார்கள், எல்லாம் பித்தலாட்டம் என்று. கமிட்டி வந்து இறங்கியது. எங்கள் கண் முன்னால் மறுபடி செய்து காட்டு என்றது. அவளும் கதிர் அடித்து நாற்றுகளை இருட்டறையில் வைத்தாள். கமிட்டி கதவைச் சாத்தி அரக்கு முத்திரை வைத்தது. இன்று காலை திறந்தால் அத்தனையும் பச்சைப் பசேல்.

"கதிரே அடிக்கல, விளக்கு சும்மா கண்துடைப்புன்னுட்டாங்க. முதல் தடவையும் அப்படித்தான் இருக்கும், அந்தச் செடியை எங்கேயோ திருடிட்டு வந்து என் பேரைப் போட்டுக்கிட்டேன்னு சொல்றாங்க. மத்தியான லுஹர் தொழுகை முடிஞ்சதும் கூடிக் கையெழுத்துப் போடுவாங்க. எனக்கு வேலை போயிடும். போலி விதை பண்ணையில இருக்கக் கூடாதுன்னு என் செடிங்களையும் எரிச்சிடுவாங்க. பின்னாடி குழி வெட்டியாச்சு."

"இன்னொரு தடவை செஞ்சு காட்டறேன்னு கேட்டியா?"

"கேட்டேன். ஒரு தடவை ஏமாத்தினவளுக்கு ரெண்டாவது தடவை எதுக்குன்னாங்க."

இஸ்மத் கடைசிக் கடலையை வாயில் போட்டுக்கொண்டு டாக்ஸியிலிருந்து இறங்கினாள். "வா, உன் சாகாத பிணங்களைக் காட்டு."

இருட்டறைக்கு வெளியே நீளமான வராந்தா. கமிட்டி வெளியே இழுத்துப் போட்ட நாற்றுத் தட்டுகள் அங்கே தரையில் தாறுமாறாகக் கிடந்தன. விரல் நீள ஃபூல் நாற்றுகள், எல்லாம் கழுத்தை வளைத்துக்கொண்டு நின்றன.

"ஸ்டாண்டுல நிக்கிற மைக்ரோபஸ் மாதிரி இருக்கு. எந்த ரெண்டு தட்டாவது ஒரே பக்கம் பார்க்குதா பாருங்க. இது கிழக்கே, இது மேற்கே, இது என்னையே முறைக்குது," என்றான் ஃபிக்ரி.

"காலையிலேருந்து இங்க கிடக்குதில்ல, ஜன்னல் வெளிச்சத்துக்கு வளைஞ்சிருக்கும்," என்றாள் ராவியா. அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை. காலையிலிருந்து இலையின் பச்சையையே வெறித்து வெறித்து அவளுக்குக் கண் பூத்துப் போயிருந்தது.

இஸ்மத் ஜன்னலைப் பார்த்தாள். ஒரே ஒரு ஜன்னல்தான். பிறகு குனிந்து தட்டுகளைப் பார்த்தாள்.

"ஜன்னலுக்கு வளைஞ்சிருந்தா எல்லாம் ஜன்னலைப் பார்த்துல்ல நிக்கணும். பாதித் தட்டு ஜன்னலுக்கு முதுகைக் காட்டுதே. ஃபிக்ரி சொன்னதுதான் சரி. அவன் சரியா சொல்றது அவனுக்கே தெரியாது, அது வேற விஷயம்."

"நன்றி மேடம். வீட்லயும் இதையேதான் சொல்றாங்க."

"அப்போ இதெல்லாம் வளைஞ்சது வராந்தாவுல இல்ல, உள்ளேயே. வெளியே போடறப்பத்தான் தட்டுங்க திசை மாறியிருக்கு. டாக்டரம்மா, உள்ள என்ன விளக்கு எரிஞ்சுது?"

"ஒரு சின்னச் சிவப்பு பல்பு. அது மட்டும்தான். சிவப்பு வெளிச்சத்துக்குச் செடி வளையாது. நீலம் இருந்தாத்தான்..." அவள் பாதியில் நிறுத்தினாள். ஒரு தட்டின் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தாள். கன்னத்தில் காயாத கண்ணீரோடு ஒரு நாற்றின் வளைந்த கழுத்தை விரலால் நிமிர்த்திப் பார்த்தாள். "நீலம். யா ரப்பி. நீல வெளிச்சம் பட்டிருக்கு."

"பட்டா என்ன?"

"தச்சுக்கும் மேடம். தன்னைத் தானே தச்சுக்கும்."

பிறகு அவள் மடமடவென்று பேசினாள். புற ஊதாக் கதிர் பட்டால் டி.என்.ஏ. இழையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற இரண்டு எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளுமாம். அதற்குப் பிறகு அந்த இடத்தைச் செடியால் படிக்க முடியாது. அதைச் சரி செய்யச் செடியிடம் இரண்டு வழி உண்டு. ஒன்று, கெட்டுப்போன துண்டை வெட்டி எறிந்துவிட்டு, எதிர் இழையைப் பார்த்து அந்த இடத்தைப் புதிதாகத் தைப்பது. அது இருட்டிலும் நடக்கும், ஆனால் மெதுவாக. இன்னொன்றுக்கு ஒரு நொதி இருக்கிறது. அது ஒட்டின இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு வெளிச்சத்துக்குக் காத்திருக்கும். நீல வெளிச்சம் கொஞ்சம் கிடைத்தால் போதும், அந்த பலத்தில் ஒட்டை அங்கேயே பிரித்துவிட்டுப் போய்விடும்.

"வெட்டவும் வேண்டாம், தைக்கவும் வேண்டாம். பிசிறு கூட இருக்காது. அதனாலதான் நான் இருட்டுல பூட்டறேன். தச்சுக்க விடாம இருந்தாத்தான் மாற்றம் தங்கும்."

"அந்த நொதி எனக்கும் இருக்கா?" என்று கேட்டான் ஃபிக்ரி.

"மனுஷங்களுக்கு இல்ல அண்ணே. நமக்கு வெட்டித் தைக்கிறது மட்டும்தான்."

"ஒரு தட்டு மொச்சைக்கு இருக்கிறது எனக்கு இல்லையா?"

"நமக்கு நிழலுக்கு ஓடக் கால் இருக்கே. அதுங்க நாள் பூரா வெயில்லயே நிக்கணும். வெயில்ல கிழியுது, அந்த வெயிலை வச்சே ஒட்டுப் போட்டுக்குது."

ஃபிக்ரி நாற்றுகளைப் புது மரியாதையோடு பார்த்தான். காலையில் சாப்பிட்ட ஃபூலுக்காக மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டான்.

இஸ்மத் அதற்குள் கடைசித் தட்டுக்குப் போயிருந்தாள். அதன் ஒரு மூலையில் மட்டும் ஒரு கைப்பிடி நாற்று கருகிப் பழுப்பாகக் கிடந்தது. கிடந்தது என்றும் சொல்ல முடியாது, குச்சி போல் நேராக நின்றபடியே கருகியிருந்தது.

"இது என்ன?"

"தண்ணி படாம காஞ்சிருக்கும்னு கமிட்டியில சொன்னாங்க."

"மண்ணு ஈரமாத்தானே இருக்கு." இஸ்மத் மண்ணில் விரலை வைத்து எடுத்துக் காட்டினாள். "மத்ததெல்லாம் வளைஞ்சிருக்கு, உயிரோட இருக்கு. இது வளையல, செத்துப் போச்சு."

"குனிஞ்சவன் பிழைச்சான், நிமிர்ந்து நின்னவன் செத்தான்," என்றான் ஃபிக்ரி. "இது அரசாங்க ஆபீஸ்தான், சந்தேகமே இல்ல."

"ஃபிக்ரி, இன்னைக்கு உனக்கு என்னமோ ஆயிடுச்சு. மறுபடியும் சரியா சொல்லிட்டே." இஸ்மத் அந்தத் தட்டை அவன் கையில் தூக்கிக் கொடுத்தாள். "இந்த மூலைக்கு மட்டும் அந்த நீல வெளிச்சம் போகல. அதனால வளையல, தச்சுக்கவும் முடியல. கதிர் அடிச்சதுக்கு இதுதான் சாட்சி. இனி வெளிச்சம் எங்கேருந்து வந்துச்சுன்னு கண்டுபிடிக்கணும். ஒவ்வொரு தட்டும் உள்ள எந்தப் பக்கமா இருந்துச்சுன்னு தெரியுமா?"

தெரியும். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு ஓரத்தில் தண்ணீர் வடிகிற மூக்கு இருந்தது. இரும்பு அடுக்கில் அந்த மூக்கு வடிகால் பக்கமாகத்தான் உட்காரும், திருப்பிப் போட்டால் தட்டு உள்ளேயே போகாது. மூவரும் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு இருட்டறைக்குள் போனார்கள். அறை என்று சொல்வது மரியாதைக்குத்தான். பெரிய அலமாரி போல இருந்தது. ஜன்னல் கிடையாது. சுவரில் சிவப்பு பல்பு ஒன்று தூங்கி வழிந்தது.

தட்டுகள் ஒவ்வொன்றாக அடுக்கில் ஏறின. வராந்தாவில் ஆளுக்கொரு திசை பார்த்த நாற்றுகள் அத்தனையும் இப்போது ஒரே திசையில் கழுத்தை நீட்டின. கடைசித் தட்டின் கருகிய மூலை, சுவரோரம் ஓடிய தண்ணீர்க் குழாய்க்கு நேர் பின்னால் போய் உட்கார்ந்தது. நாற்றுகள் பல்பைப் பார்க்கவில்லை. அவர்கள் நுழைந்த வாசலைப் பார்த்தன, அதிலும் வாசலுக்கு மேலே.

ஃபிக்ரி மெல்லத் திரும்பினான். கதவு நிலைக்கு மேல், உள்பக்கச் சுவரில், புத்தம்புது ஆணி ஒன்று இருந்தது. அதைச் சுற்றி உள்ளங்கை அளவுக்குத் தூசி இல்லாத ஒரு வட்டம்.

"உள்ள வர்றவங்க எல்லாரும் செடியைப் பார்த்துக்கிட்டு வருவாங்க. இது முதுகுக்குப் பின்னால, தலைக்கு மேல இருக்கு. வெளியேருந்து அரக்கு வச்சவங்களுக்கும் தெரியாது," என்றாள் இஸ்மத்.

"என்ன நடக்குது இங்க?" என்றது ஒரு குரல்.

கையில் ஊறுகாய் டர்னிப் துண்டோடு வராந்தாவில் நின்றவர் டாக்டர் வஹீத். எள் ஆராய்ச்சிக்காரர். இந்த இருட்டறை தன் எள்ளுக்கு வேண்டும் என்று அவர் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருப்பதாக ராவியா வழியிலேயே சொல்லியிருந்தாள். ஃபிக்ரி மனதுக்குள் அவர் கையில் அப்போதே விலங்கை மாட்டிவிட்டான்.

"டாக்டர், நீல வெளிச்சம் பட்டா செடி என்ன பண்ணும்?" என்று இஸ்மத் எடுத்த எடுப்பில் கேட்டாள்.

"கதிர் அடிச்ச செடியா? தன்னை ரிப்பேர் பண்ணிக்கும். ஏன்?" வஹீத் டர்னிப்பைக் கடித்தார், பிறகு கடித்ததை அப்படியே வாயில் வைத்துக்கொண்டு அவர்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். "ஓ. இவ போனா எனக்குத்தான் லாபம். ரூம் எனக்கு வரும். நீலம் என்ன பண்ணும்னும் எனக்குத் தெரியும். நல்லா இருக்கு. ஆனா கமிட்டி வந்த நாள்லேருந்து என்னை இந்த வராந்தாவுக்குள்ளயே விடல. இன்னைக்குக் காலையில கூட காவலாளி ஜாபிர் என் தோளைப் பிடிச்சு வாசல்லயே நிறுத்திட்டான், இப்பத்தான் விட்டான். போய் அவனையே கேளுங்க."

அவர் போனதும் ஃபிக்ரி சொன்னான்: "மேடம், இவ்வளவு ஒழுங்கா ஒப்புக்கிறவன் நிச்சயமா திருடன்."

"இல்லப்பா. விஷயம் தெரிஞ்சவன் விளக்கை அடுக்குக்கு நேரா மாட்டுவான், ஒரு செடி விடாம வெளிச்சம் படணும்னு. குழாய் மறைக்கிற இடத்துல மாட்ட மாட்டான். இதை மாட்டினவனுக்குச் செடி மேல வெளிச்சம் பட்டா என்ன, படாட்டி என்ன. அவனுக்கு வாசல்தான் முக்கியம். வாசலுக்கு மேல, உள்ள வர்றவன் தலைக்கு நேரா, நீலமா எதை மாட்டுவோம்?"

ஃபிக்ரி வாசலுக்கு வெளியே, தன் டாக்ஸி நின்ற பக்கம் பார்த்தான். அவன் டாக்ஸியின் கண்ணாடிக்கு மேலே அவன் அம்மா கட்டிவிட்டது ஒன்று தொங்குகிறது. வெள்ளிக்கிழமைச் சந்தையில் குவித்துப்போட்டு விற்பார்கள். நீலக் கண், பின்னால் ஒரு பேட்டரி. இருட்டில் தானாக எரியும்.

"திருஷ்டிக் கண்ணு," என்றான். "யாரோ இந்தச் செடிக்குக் கண்ணு பட்டுடக் கூடாதுன்னு மாட்டியிருக்காங்க."

ராவியா சுவரில் சாய்ந்தாள். "சதி இல்லையா? நல்லெண்ணமா? என் வேலை ஒருத்தர் நல்லெண்ணத்தாலயா போகுது?"

காவலாளி ஜாபிரின் கூண்டு பண்ணை வாசலில் இருந்தது. அதைக் கூண்டு என்பதைவிட நீலமணிக் கடை என்று சொல்லலாம். கதவில் திருஷ்டிக்கு ஐந்து விரல் கை, ஜன்னலில் மணிச்சரம், தேநீர்க் கெட்டிலின் காதில்கூட ஒரு கண். ஃபிக்ரி இஸ்மத்தைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினான். வழக்கு முடிந்தது, கிளம்பலாம் என்று அதற்கு அர்த்தம்.

"ஜாபிர் பெரியப்பா, இருட்டறை வாசல்ல ஒரு கண்ணு மாட்டியிருந்தீங்களே, எங்க அது?" என்றான் நேரடியாக.

"அங்கயா? எனக்கென்ன வேலை போகணும்னு ஆசையா?" ஜாபிர் கெட்டிலை இறக்கி வைத்தார். "போன வருஷம் ஆபீஸ் வாசல்ல சின்னதா ஒரு மணி கட்டினேன். டைரக்டர் ஷவ்கத் அதைப் பிடுங்கித் தரையில போட்டு மிதிச்சாரு. இது ஆராய்ச்சிப் பண்ணை, மந்திரவாதி கடை இல்லன்னு எல்லார் முன்னாலயும் கத்தினாரு. இந்தக் கூண்டு வரைக்கும்தான் எனக்கு அனுமதி."

"அரக்கு வைக்கிற அன்னைக்கு இருட்டறைக்குள்ள யாரெல்லாம் போனாங்க?" என்றாள் இஸ்மத்.

"டாக்டரம்மா, கமிட்டி. முதல்ல டைரக்டர் தனியா ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வந்தாரு, எல்லாம் ஒழுங்கா இருக்கான்னு."

"இன்னைக்குக் காலையில கடைசியா வெளியே வந்தது யாரு?"

ஜாபிருக்குப் பதிலாக ராவியா சொன்னாள். "டைரக்டர்தான். எங்களை எல்லாம் அனுப்பிட்டு, நான் பூட்டிட்டு வரேன்னு நின்னாரு." சொன்னதும் தலையை ஆட்டினாள். "அவரா இருக்காது மேடம். இஸ்மாயிலியா வானொலியில மூடநம்பிக்கை பத்தி வாராவாரம் பேசறவரு அவரு."

பண்ணைப் பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. தூரத்தில் கால்வாயில் ஒரு கப்பல், மணல்மேட்டுக்கு மேலே தலையை மட்டும் காட்டிக்கொண்டு, எந்தக் கவலையும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. இஸ்மத் கைப்பையை மூடினாள்.

"சுங்கத்துல ஒண்ணு கத்துக்கிட்டேன். பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு பெட்டிக்காரன் வாயைக் கேட்கக் கூடாது. தூக்கறப்ப எந்தத் தோள் இறங்குதுன்னு பார்க்கணும். ஃபிக்ரி, டைரக்டர் மேஜையில என்ன இருக்கு, பார்த்திருக்கியா?"

"காலையில உள்ள வர அனுமதிப் பேப்பர் கொடுக்கப் போனப்போ பார்த்தேன். பேத்திங்க போட்டோ. ரெட்டைப் பிள்ளைங்க."

"நான் இருமினா அந்தப் பிள்ளைங்களைப் புகழு. வாய் வலிக்கிற வரைக்கும் புகழு. ஆனா மாஷா அல்லாஹ் மட்டும் சொல்லிடாதே."

ஃபிக்ரி பயந்துபோய் அவளைப் பார்த்தான். "அதைச் சொல்லாம புகழ்ந்தா கண்ணு பட்டுப் பிள்ளைங்களுக்கு ஏதாவது ஆயிடுமே மேடம்."

"ஆகாது. நான் மனசுக்குள்ள சொல்லிக்கிறேன்."

தொழுகை முடிந்தபோது டைரக்டர் அறையில் கமிட்டியின் மூன்று பேரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். தலைவி டாக்டர் சுஹைர், கெய்ரோக்காரி, கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற ஆள். மேஜைக்குப் பின்னால் டைரக்டர் ஷவ்கத். நல்ல உயரம், நல்ல சூட், வானொலிக்கென்றே செய்த குரல். அவர் முன்னால் கையெழுத்துக்குக் காகிதம் தயாராக இருந்தது.

ராவியா கருகிய மூலையோடு இருந்த தட்டை மேஜையில் வைத்தாள். நீல வெளிச்சத்தில் செடி தன்னைத் தைத்துக்கொள்வதை இந்த முறை அழாமல் சொன்னாள். குழாயின் நிழலில் இருந்தவை கருகியதைச் சொன்னாள். ஆணியையும் சொன்னாள்.

ஃபிக்ரி டைரக்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். நீலம் என்ற வார்த்தை வந்தபோது அவர் முகத்திலிருந்து ரத்தம் இறங்கிப் போனது. அவருக்கு இது தெரிந்திருக்கவில்லை என்பது ஃபிக்ரிக்குச் சட்டென்று புரிந்தது. மண் படித்தவர் அவர், செடி படித்தவர் இல்லை. இந்த நிமிஷம் வரை அவரும் இவளைத் திருடி என்றுதான் நம்பியிருக்கிறார்.

சுஹைர் கருகிய நாற்றைக் கிள்ளி முகர்ந்தாள். "கதை நல்லாத்தான் இருக்கு. வெளிச்சம் எங்கேருந்து வந்துச்சு? ஒரு ஆணியைக் காட்டினா போதுமா? நீங்களே கூட அடிச்சிருக்கலாம். யார் மாட்டினாங்கன்னு சொல்லுங்க, நான் பேனாவைக் கீழ வைக்கிறேன்."

இஸ்மத் டைரக்டரைப் பார்த்தாள். அவசரமே இல்லாமல், அவருக்கு வேண்டிய அளவு நேரம் கொடுத்துப் பார்த்தாள். அவர் வாயைத் திறந்திருக்கலாம். தண்ணீர்க் கிளாஸை எடுத்து ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "விசாரிக்க வேண்டிய விஷயம்தான். ஆனா நேரமாகுது," என்றார்.

இஸ்மத் இருமினாள்.

"பாஷா," என்று ஃபிக்ரி மேஜை மேல் கவிழ்ந்தான், "இந்தப் போட்டோவைப் பார்த்துட்டுச் சும்மா இருக்க முடியல. உங்க பேத்திங்களா? என்ன கண்ணு, என்ன கன்னம். இஸ்மாயிலியாவுல இப்படி ரெண்டு பிள்ளைங்க இருக்குன்னு யாருமே சொல்லலையே. என் வீட்லயும் ரெண்டு இருக்கு, பார்த்தா பாலாடைக்கட்டி விக்கிறவன் கூட பேசாம போறான். இதுங்க முடியைப் பாருங்க, எவ்வளவு அடர்த்தி. நோய் நொடின்னு ஒண்ணும் வந்திருக்காது போல, எப்படிக் கொழுகொழுன்னு..."

டைரக்டரின் சிரிப்பு பாதியில் நின்றது. கமிட்டியில் ஒருவர் மாஷா அல்லாஹ் என்று முணுமுணுத்தார். டைரக்டரின் இடது கை மேஜைக்குக் கீழே போனது. உடனே திரும்பி வந்து, போட்டோவின் பக்கத்தில், ஃபிக்ரியின் முகத்துக்கு நேராக ஐந்து விரலையும் அகல விரித்தது.

"கம்ஸா வ கமீஸா," என்று திருஷ்டி கழித்தது வானொலிக் குரல், குழந்தையின் குரலைவிடச் சின்னதாக.

ஷவ்கத் தன் கையையே யாருடையதோ போலப் பார்த்தார்.

"மாஷா அல்லாஹ் எல்லாரும்தான் சொல்வாங்க," என்றாள் இஸ்மத். "அஞ்சு விரலை விரிக்கிறது வேற, டாக்டர். அது பழக்கம். ஜாபிரோட மணியை மிதிச்ச கால் வேற, இந்தக் கை வேற. அந்தக் கண்ணை எடுத்துக் கொடுத்துடுங்க."

அவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். பிறகு மேஜையின் கீழ் இழுப்பறையைத் திறந்து, கைக்குட்டையில் சுற்றியிருந்ததை எடுத்து வைத்தார். பேட்டரி தீர்ந்துகொண்டிருந்த அந்த நீலக் கண் கைக்குட்டைக்குள்ளிருந்து இன்னும் மங்கலாக எரிந்தது.

"இந்தப் பண்ணைக்கு நான் வந்ததுலேருந்து உருப்படியா விளைஞ்ச ஒரே விஷயம் இவ செடிதான்," என்றார் சுஹைரிடம். "நீங்க மூணு பேரும் கெய்ரோவுலேருந்து பார்க்க வர்றீங்க. வஹீத் போறப்ப வர்றப்பல்லாம் நின்னு பார்க்கிறான். எனக்குப் பயமா இருந்துச்சு. இந்தப் பொண்ணுக்கு நல்லது நடக்கணும்னுதான் மாட்டினேன். இத்துனூண்டு விளக்கு என்ன பண்ணிடப் போகுதுன்னு நினைச்சேன். அல்லாஹ் மேல ஆணையா, இப்போ இவ சொல்ற வரைக்கும் எனக்குத் தெரியாது."

"தெரிஞ்சதும் தண்ணி குடிச்சீங்க," என்றாள் சுஹைர். பேனாவை மூடி மேஜை மேல் வைத்தாள்.

ராவியா மேஜையருகில் வந்தாள். ஃபிக்ரி அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தான். அவள் கத்தவில்லை.

"சார், என் செடி மேல யார் கண்ணும் படக் கூடாதுன்னு பயந்தீங்க. காலையிலேருந்து இந்தப் பண்ணையில எல்லாரும் என்னைத் திருடியைப் பார்க்கிற மாதிரி பார்த்தாங்களே. நீங்களும்தான் அப்படிப் பார்த்தீங்க. அந்தக் கண்ணெல்லாம் என் மேல பட்டா பரவாயில்லையா சார்?"

டைரக்டர் கையெழுத்துக் காகிதத்தை எடுத்தார், இரண்டாகக் கிழித்தார். இன்னும் கிழிக்கப் போனபோது கை நின்றது. மூக்கைச் சுருக்கினார். ஃபிக்ரிக்கும் அந்த நாற்றம் எட்டியது. மண்ணெண்ணெய்.

"தொழுகை முடிஞ்சதும் ஆரம்பிச்சிடுங்கன்னு நானே சொல்லிட்டு வந்தேன்," என்றார் ஷவ்கத்.

அடுத்த கணம் அந்த உயரமான மனிதர் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினார். ஃபிக்ரி பின்னால் ஓடினான், ராவியா இருவரையும் தாண்டி ஓடினாள். பண்ணையின் பின்பக்கம் வேலையாட்கள் இருவர் குழியின் விளிம்பில் நின்றிருந்தார்கள். தொட்டித் தொட்டியாக ஃபூல் செடிகள் உள்ளே இறக்கியாகிவிட்டது, எண்ணெயும் ஒரு பக்கம் ஊற்றியாகிவிட்டது. ஒருவன் தீக்குச்சியைக் கிழித்துக் காற்றுக்குக் கையால் மறைத்துக்கொண்டிருந்தான். டைரக்டர் அந்தக் கையை அப்படியே சேர்த்துப் பிடித்தார். குச்சி அவர் உள்ளங்கையில் அணைந்தது.

"கையெழுத்து ஆயிடுச்சுன்னு நினைச்சோம் சார்," என்றான் வேலையாள்.

"ஆகல. நான் போடல."

அவர் சூட்டோடு குழிக்குள் இறங்கினார். எண்ணெய் படாத பக்கத்திலிருந்து முதல் தொட்டியைத் தூக்கி நீட்டினார். ராவியா குழியின் விளிம்பில் மண்டி போட்டு வாங்கினாள். இலையை முகர்ந்து பார்த்தாள், தண்டைத் தடவிப் பார்த்தாள், பத்திரமாகப் பின்னால் ஃபிக்ரியிடம் கொடுத்தாள். டைரக்டர் கீழே நின்றபடி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னவோ சொல்ல வாயெடுத்தார்.

"அப்புறம் பேசலாம் சார்," என்றாள் ராவியா. "அடுத்ததைக் கொடுங்க."